ஜீட்டா கையெழுத்துப் போட்டாரா?

ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசி ஜீட்டா, அரச உரிமைகளைத் துறந்து கையெழுத்திட்ட பிறகே 1982-இல் நாட்டுக்குள் விடப்பட்டார் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. ஜீட்டா அப்படி எதிலும் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டவர் அவருடைய மூத்த மகன் ஓட்டோ, 1961-இல். இரண்டு பேர் கதையும் எங்கோ கலந்துவிட்டது போலிருக்கிறது.

1919 ஏப்ரலில் வந்த ஹாப்ஸ்பர்க் சட்டம், ஆஸ்திரியாவை ஆண்டுவந்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் உரிமைகளைத் துறக்காதவர்களை நாடு கடத்தியது. ஜீட்டாவோ பிறப்பால் போர்போன்-பார்மா குடும்பம். 1911-இல், பின்னாளில் பேரரசரான கார்லை மணந்துதான் ஹாப்ஸ்பர்க் வீட்டுக்கு வந்தவர். அதனால் அந்தத் தடை அவருக்குப் பொருந்தாது என்று முடிவாகி, 1982-இல் நுழைய விட்டார்கள். அவருக்கு அப்போது 90 வயது. இந்த முடிவை முன்பே எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்: 1971-இல் மகள் அடெல்ஹைட் இறந்தபோது ஆஸ்திரியாவில் நடந்த அடக்கத்துக்குக் கூட அவரால் போக முடியவில்லை.

சரிபார்க்க விரும்பினால், ஆஸ்திரிய அரசின் இணையச் சட்டத் தொகுப்பில் ஹாப்ஸ்பர்க் சட்டத்தைத் தேடி, இரண்டாம் பிரிவைப் படியுங்கள். ஜெர்மன் மொழிதான், ஆனால் சின்னச் சட்டம். மொழிபெயர்ப்புச் செயலியே போதும். அப்புறம் ஓட்டோவின் 1961 அறிவிப்பையும் ஜீட்டா திரும்பியபோது வந்த 1982 நாளிதழ்ச் செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.