ரான் வாஷிங்டனின் சர்வீஸ் ரெஜிஸ்டர்

(டெக்சாஸ் மாநிலம், ஃபிரிஸ்கோ. ஞாயிற்றுக்கிழமை காலை. கராஜுக்குள் மாப்பிள்ளை சுவரைப் பார்த்து மண்டி போட்டிருக்கிறார். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆகி, மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமனார் காபி டம்ளரோடு எட்டிப் பார்க்கிறார்.)

மாமா: என்ன மாப்ளே இது! எந்திரிங்க, எந்திரிங்க. அப்படி என்ன சொல்லிட்டா அவ? நான் போய்ப் பேசறேன்.

மாப்பிள்ளை: ஐயோ மாமா, அவ ஒண்ணும் சொல்லலை. பிராக்டீஸ் பண்றேன்.

மாமா: கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சா பிராக்டீஸ்? எனக்கெல்லாம் முதல் வாரத்துலயே வந்துடுச்சு.

மாப்பிள்ளை: இது சாஃப்ட்பாலுக்கு மாமா, பேஸ்பால் மாதிரி ஒரு ஆட்டம். ஆபீஸ் டீம்ல என்னை ஷார்ட்ஸ்டாப்ல, அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவுல, நிறுத்தியிருக்காங்க. தரையோட வர்ற பந்தை அள்ளி எறியணும். போன மேட்ச்ல ரெண்டு பந்து காலுக்கு நடுவுல போயிடுச்சு.

மாமா: அதுக்கு தண்டனை கொடுத்துட்டாங்களா? வெள்ளைக்காரன் ஊர்லயுமா மண்டி போட வைக்கறாங்க?

மாப்பிள்ளை: தண்டனை இல்லை, பயிற்சி. ரான் வாஷிங்டன் சொல்லிக் கொடுக்கற முறை.

மாமா: ஜார்ஜ் வாஷிங்டன் தெரியும். இவர் யாரு, தம்பியா?

மாப்பிள்ளை: பேஸ்பால்காரர். நம்ம டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு மேனேஜரா, அதாவது தலைமை கோச்சா இருந்தவர். இந்தக் கிளவுஸைப் பாருங்க. தட்டையா இருக்கா? உள்ள குழியே கிடையாது. ஒரு கையால பிடிச்சா பந்து நழுவிடும், இன்னொரு கை வந்து மூடினாதான் தங்கும். மண்டி போட்டுட்டா கால் உதவிக்கு வராது. கை மட்டும் தனியா வேலை கத்துக்கும். அவர் சில அடி தள்ளி நின்னு, ஃபங்கோன்னு ஒரு ஒல்லி பேட்டால டொக் டொக்னு தட்டி விடுவார். நேரா ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு, புறங்கைப் பக்கம் ஒண்ணு. பந்து தரையில பட்டு எழும்பற அந்த நொடியிலயே அள்ளணும். நெஞ்சு வரைக்கும் வரட்டும்னு காத்திருந்தா போச்சு.

மாமா: அப்படி என்ன அவசரம்?

மாப்பிள்ளை: அடிச்சவன் ஓட ஆரம்பிச்சுடுவான் மாமா. முதல் பேஸ் 90 அடி தூரம். நாலு செகண்ட் சொச்சத்துல போய்ச் சேர்ந்துடுவான். அதுக்குள்ள இன்ஃபீல்டர், அதாவது பேஸ்கள் பக்கத்துல நிக்கற ஃபீல்டர், பந்தை எடுத்து, நிமிர்ந்து, அங்க எறிஞ்சாகணும். ஒரு தடவை கை தடுமாறினா அவன் சேஃப்.

மாமா: நாலு செகண்டா? எங்க ஆபீஸ்ல ஒரு தபாலை இன்வர்ட்ல பதிய நாலு நாள் ஆகும். சரி, இந்த ஆளோட சர்வீஸ் எப்படி? முதல் அப்பாயின்ட்மென்ட் தேதியிலிருந்து சொல்லுங்க.

மாப்பிள்ளை: எதுக்கு மாமா அதெல்லாம்?

மாமா: எஸ்.ஆரை, அதான் சர்வீஸ் ரெஜிஸ்டரைப் பார்க்காம எந்த ஆளையும் நான் நம்பறதில்லை. சொல்லுங்க.

மாப்பிள்ளை: 1952-ல நியூ ஆர்லியன்ஸ்ல பிறந்தார். 1970-ல கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் கிளப்ல சேர்ந்தார். அவங்க ஃப்ளோரிடாவுல ஒரு அகாடமி தொடங்கியிருந்தாங்க. வேற எந்தக் கிளப்பும் எடுக்காத பசங்களை வரவழைச்சு, ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லி, தேறினவங்களுக்கு ஆட்டத்தைக் கத்துக் கொடுக்கற இடம்.

மாமா: 18 வயசுல வேலை. பரவாயில்லையே! எப்ப பர்மனன்ட் பண்ணாங்க?

மாப்பிள்ளை: பெரிய லீக்ல முதல் தடவை ஆடினது 1977-ல.

மாமா: ஏழு வருஷம் கழிச்சா!

மாப்பிள்ளை: அதுவும் ராயல்ஸுக்கு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு. பத்தே மேட்ச். அப்புறம் திரும்ப மைனர் லீக்குக்கு அனுப்பிட்டாங்க.

மாமா: டென்-ஏ-ஒன்! சொன்னேன் பாருங்க. தற்காலிக நியமனம். லீவு வேகன்சியில உட்கார வச்சுட்டு, ஆள் திரும்பி வந்ததும் எழுப்பி விட்டுடுவாங்க. பாவம். அடுத்தது எப்போ?

மாப்பிள்ளை: 1981-ல. மின்னசோட்டா ட்வின்ஸ். அங்க ஆறு சீசன். ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், எங்க ஆள் குறையுதோ அங்க.

மாமா: கூடுதல் பொறுப்பு. சம்பளம் மட்டும் ஒரு சீட்டுக்குத்தான். தெரியும்.

மாப்பிள்ளை: 1987-ல சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி ட்வின்ஸ் அவரை நீக்கிட்டாங்க. அதே வருஷம் ட்வின்ஸ் வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சது, அதாவது லீக்கோட ஃபைனல்.

(மாமா காபி டம்ளரைக் கீழே வைக்கிறார்.)

மாமா: எந்த வருஷம்?

மாப்பிள்ளை: அதே வருஷம் மாமா. மார்ச்ல இவர் வெளிய, அக்டோபர்ல அவங்க கையில கோப்பை.

மாமா: பே கமிஷன் அரியர்ஸ் வர்றதுக்கு முந்தின மாசம் ரிட்டயர் ஆன மாதிரி இருக்கே மாப்ளே! வயிறு எரியுது. அப்புறம்?

மாப்பிள்ளை: பால்டிமோர், கிளீவ்லாண்ட், ஹூஸ்டன். ஊருக்கு ஒரு வருஷம். 1989-ல ஹூஸ்டன்ல ஏழு மேட்ச் ஆடினதோட பெரிய லீக் முடிஞ்சது. மொத்தம் 564 ஆட்டம், 20 ஹோம் ரன்.

மாமா: பத்து வருஷ சர்வீஸுக்கு அஞ்சு டிரான்ஸ்ஃபர். யாரையோ பகைச்சுக்கிட்டிருக்கார். பென்ஷன் உண்டா?

மாப்பிள்ளை: உண்டு மாமா. பெரிய லீக்ல 43 நாள் கணக்குல இருந்தாலே பென்ஷனுக்குத் தகுதி வந்துடும்.

மாமா: எத்தனை வருஷம்?

மாப்பிள்ளை: வருஷம் இல்லை. நாள். 43 நாள்.

மாமா: (நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு) பத்து வருஷம் முடிக்கலைன்னு எங்க ஆபீஸ்ல ஒரு பியூனுக்குப் பென்ஷனை நிறுத்திட்டாங்க மாப்ளே. அந்த ஃபைலுக்கு நோட் எழுதினதே நான்தான். இந்த விஷயத்தை ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கலவரம் வரும்.

மாப்பிள்ளை: ஆனா அவர் பென்ஷனை நம்பி உட்காரலை. கோச்சா போனார். 1996-லேருந்து ஓக்லாண்ட்ல பதினோரு சீசன் இன்ஃபீல்டு கோச். அங்கதான் பேர் வாங்கினார். எரிக் சாவேஸ்னு ஒரு தேர்ட் பேஸ்மேன், வரிசையா ஆறு வருஷம் கோல்டு கிளவ் வாங்கினவர்.

மாமா: தங்கத்துலயா? எத்தனை பவுன்?

மாப்பிள்ளை: விருது மாமா. அந்த இடத்துல நல்லா ஃபீல்டிங் பண்றவங்களுக்குக் கொடுப்பாங்க. கிளவுஸுக்குத் தங்க நிறம், அவ்வளவுதான். 2004-ல வாங்கின விருதை சாவேஸ் இவர்கிட்டயே கொடுத்துட்டார். ‘வாஷ், நீங்க இல்லாம இது இல்லை’ங்கற அர்த்தத்துல அதுலயே எழுதியும் கொடுத்தார்.

மாமா: வாங்கின விருதைத் தூக்கி வாத்தியார்கிட்ட கொடுத்துட்டானா? வீட்டுல என்ன சொன்னாங்களாம்?

மாப்பிள்ளை: அது தெரியலை மாமா. அடுத்த வருஷம் கத்ரீனா புயல்ல நியூ ஆர்லியன்ஸ் வீடு வெள்ளத்துல போச்சு. அப்பவும் ஊரை விடலை, அங்கயேதான் வீடு. 2007-ல ரேஞ்சர்ஸுக்கு மேனேஜரா சார்ஜ் எடுத்தார்.

மாமா: டைரக்ட் புரமோஷன். மெமோ ஏதாவது உண்டா? மறைக்காம சொல்லுங்க.

மாப்பிள்ளை: ஒண்ணு இருக்கு. 2009-ல போதைப்பொருள் டெஸ்ட்ல மாட்டினார். கொக்கேன். அவரே போய் ஒத்துக்கிட்டு ராஜினாமா பண்றேன்னார். கிளப் ஏத்துக்கலை.

மாமா: தப்புதான். ஆனா ராஜினாமாவையே ஏத்துக்கலையா? எங்க ஆபீஸ்ல லீவு லெட்டரையே ஏத்துக்க மாட்டாங்க. அப்புறம் ஒழுங்கா இருந்தாரா?

மாப்பிள்ளை: அடுத்த வருஷமே ரேஞ்சர்ஸை முதல் தடவையா வேர்ல்டு சீரிஸுக்குக் கூட்டிட்டுப் போனார். நம்ம ஆளுங்க ஓடினா இவரும் டீம் உட்கார்ற டக்அவுட்டுக்குள்ளயே கையை வீசிக்கிட்டு ஓடுவார். பார்க்கவே ஒரு தனி ஷோ! 2010-ல சான் ஃபிரான்சிஸ்கோகிட்ட தோத்தாங்க. அதை விடுங்க. 2011...

(குரல் அடைக்கிறது. தட்டைக் கிளவுஸால் கண்ணைத் துடைக்கிறார்.)

மாமா: மாப்ளே? தண்ணி வேணுமா?

மாப்பிள்ளை: அக்டோபர் 27. ஆறாவது ஆட்டம், செயின்ட் லூயிஸ் டீமோட, அவங்க ஊர்ல. சீரிஸ்ல 3–2 நாங்க முன்னாடி, நாலு ஜெயிச்சா கோப்பை. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 7–5, ரெண்டு அவுட் ஆச்சு, ரெண்டு ஸ்டிரைக் ஆச்சு. இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் விழுந்தா மூணாவது அவுட், கோப்பை எங்களுக்கு. கையெழுத்து போட்டாச்சு, சீல் மட்டும் பாக்கின்னு வச்சுக்குங்க.

மாமா: சீல் அடிக்கிறவன் டீ குடிக்கப் போயிட்டான்.

மாப்பிள்ளை: டேவிட் ஃப்ரீஸ்னு ஒருத்தன், வலது பக்கம் தூக்கி அடிச்சான். எங்க ரைட் ஃபீல்டர் நெல்சன் குரூஸ் பின்னாடியே போறார், போறார், தலைக்கு மேல போயிடுச்சு. ரெண்டு பேர் ஓடி வந்துட்டாங்க. சமம். பத்தாவது இன்னிங்ஸ்ல ஜாஷ் ஹாமில்டன் ஹோம் ரன் அடிச்சார், 9–7. மறுபடியும் ரெண்டு அவுட், ரெண்டு ஸ்டிரைக்...

மாமா: வேண்டாம். சொல்லாதீங்க.

மாப்பிள்ளை: அவங்க ஆள் பெர்க்மன் அடிச்சு மறுபடி சமம். பதினொண்ணுல அதே ஃப்ரீஸ் ஹோம் ரன். 10–9. ஏழாவது ஆட்டமும் போச்சு.

மாமா: ஒரு ஆள் ரெண்டு தடவை ஒரே வாசப்படியில தடுக்கி விழுவாரா?

மாப்பிள்ளை: அதான் எனக்குக் கோபம் மாமா! ரெண்டு ரன் லீடு. நல்லா ஓடிப் பிடிக்கிற ஒருத்தனை ரைட் ஃபீல்டுக்கு மாத்தியிருக்கலாம். மாத்தலை. இவர் என்னடான்னா எதுக்கெடுத்தாலும் ‘பேஸ்பால்னா அப்படித்தான் போகும்’னு சொல்ற ஆள். அதை டி-ஷர்ட்ல போட்டு வித்தாங்க. நானும் ஒண்ணு வாங்கினேன்.

மாமா: கோபத்துலயா வாங்கினீங்க?

மாப்பிள்ளை: ...தள்ளுபடியில இருந்துச்சு.

மாமா: சரி, அப்புறம் தூக்கிட்டாங்களா?

மாப்பிள்ளை: இல்லை. 2014-ல சொந்தக் காரணம்னு அவரே விலகினார். 664 வெற்றி, ரேஞ்சர்ஸ் மேனேஜர்கள்லயே அதிகம். அடுத்த வருஷம் பழைய ஓக்லாண்டுக்கே கோச்சா திரும்பினார். அங்க மார்கஸ் செமியன்னு ஒரு ஷார்ட்ஸ்டாப். அந்த வருஷம் 35 எரர், அதாவது ஃபீல்டிங்ல பண்ற தப்பு.

மாமா: 35 ஆடிட் அப்ஜெக்‌ஷனா? சஸ்பெண்ட் பண்ணலையா?

மாப்பிள்ளை: லீக்லயே அதிகம். வாஷிங்டன் அவரைத் தினம் மேட்சுக்கு முன்னாடி இதே மாதிரி மண்டி போட வச்சு தட்டித் தட்டிப் பழக்கினார். அடுத்த வருஷம் 21 ஆச்சு. அந்த செமியன் பின்னாடி ரேஞ்சர்ஸுக்கு வந்தார். 2023-ல ரேஞ்சர்ஸ் முதல் தடவையா கோப்பை ஜெயிச்சப்போ செகண்ட் பேஸ்ல நின்னது அவர்தான்.

மாமா: நில்லுங்க. வாத்தியார் அங்க இருந்து வாங்க முடியாததை, அவர் தயார் பண்ணின பையன் அதே ஆபீஸுக்கு வந்து வாங்கிட்டானா?

மாப்பிள்ளை: ஆமாம்.

மாமா: அப்ப வாத்தியாருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே கிடைக்கலையா? இனிமே இந்தக் கதையைக் காலையில வெறும் வயித்துல சொல்லாதீங்க மாப்ளே.

மாப்பிள்ளை: கிடைச்சது மாமா. 2017-லேருந்து அட்லாண்டா பிரேவ்ஸ்ல தேர்ட் பேஸ் கோச். 2021 நவம்பர் 2, ஹூஸ்டன்ல அவங்க வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சாங்க. இவருக்கு 69 வயசு. கடைசி அவுட் எப்படி விழுந்துச்சு தெரியுமா? தரையோட ஒரு பந்து நேரா ஷார்ட்ஸ்டாப் டான்ஸ்பி ஸ்வான்சன்கிட்ட போச்சு. அவர் அள்ளி முதல் பேஸ்ல ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு எறிஞ்சார். முடிஞ்சது. ஸ்வான்சன், இவர்கிட்ட தினம் பாடம் படிச்ச ஆள்.

மாமா: அப்பாடா. அரியர்ஸோட வந்து சேர்ந்துடுச்சு. அத்தோட ரிட்டயரா?

மாப்பிள்ளை: எங்க? 71 வயசுல ஏஞ்சல்ஸ் கிளப்ல மறுபடி மேனேஜர் ஆனார். முதல் வருஷம் 99 தோல்வி. 2025 நடுவுல இதயத்துல பைபாஸ் ஆபரேஷன்.

மாமா: நல்லா இருக்கட்டும் மனுஷன். ஆனா மாப்ளே, எஸ்.ஆர். முழுக்கப் பார்த்துட்டேன், ஒரு நோட் போடறேன். அந்த 2011 பந்து, உங்க கண்ணுல தண்ணி வரவச்ச பந்து, எங்க போச்சுன்னீங்க?

மாப்பிள்ளை: ரைட் ஃபீல்டு. வேலிகிட்ட.

மாமா: அது இன்ஃபீல்டா?

மாப்பிள்ளை: இல்லை, அவுட்ஃபீல்டு.

மாமா: வேற செக்‌ஷன். இவர் சீட்டுக்குச் சம்பந்தமில்லை. ஃபைலை குளோஸ் பண்ணுங்க.

மாப்பிள்ளை: மாமா! அன்னைக்கு அவர்தான் மேனேஜர். எல்லா செக்‌ஷனும் அவருக்குக் கீழதான்.

மாமா: அதைத்தான் நானும் சொல்றேன். நல்லா வேலை தெரிஞ்ச ஆளை அவன் சீட்டுலயே விடணும். புரமோஷன் கொடுத்து மேல உட்கார வச்சா, வேற செக்‌ஷன்காரன் விட்ட பந்துக்கெல்லாம் இவன் பதில் சொல்லணும்.

மாப்பிள்ளை: அதுக்காக 664 வெற்றியை...

மாமா: நான் ஏன் கடைசி வரைக்கும் தாசில்தார் ஆகலைன்னு உங்க அத்தை இன்னைக்கும் கேட்டுக்கிட்டிருக்கா. வாங்க, உள்ள போய் இதையெல்லாம் இதே மாதிரி வருஷத்தோட அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.