ஷான் ஓக் கதையில் வேலைநிறுத்தத்தை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டக்காரர் ஷான் ஓக் ஓ ஹால்பீன் பேச்சு வந்தாலே எல்லோரும் ஒரே கதையைத்தான் எடுப்பார்கள். அப்பா அயர்லாந்துத் தீவின் ஃபெர்மனா பகுதிக்காரர், அம்மா ஃபிஜியின் ரொட்டுமா தீவைச் சேர்ந்தவர். 1977-ல் ஃபிஜியில் பிறந்து, சிட்னியில் சில காலம் வளர்ந்து, 1988-ல் கார்க் நகரத்துக்கு வந்து சேர்ந்த பையன், 2005-ல் கார்க் அணியின் கேப்டனாக டப்ளின் குரோக் பார்க் அரங்கில் அகில அயர்லாந்து ஹர்லிங் கோப்பையை வாங்கிவிட்டு ஐரிஷ் மொழியிலேயே பேசினார். அப்பா ஊரும் சரி, அம்மா ஊரும் சரி, ஹர்லிங்குக்குப் பேர்போன இடமில்லை என்று வர்ணனையாளர் மீஹால் ஓ முர்ஹர்டி சொன்னது இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அந்த மனிதரில் பாதியைத்தான் பார்க்கிறோம்.

ஹர்லிங் பார்த்திராதவர்களுக்கு: அணிக்கு 15 பேர், கையில் ஆஷ் மர மட்டை, ஒரு சின்னத் தோல் பந்து. அது பறக்கிற வேகத்துக்குக் கண் ஈடுகொடுப்பதே கஷ்டம். 80,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் இறுதிப்போட்டி நடக்கும், டிக்கெட் விற்கும், விளம்பரம் வரும், ஆடுகிறவர்களுக்கு மட்டும் சம்பளம் கிடையாது. ஷான் ஓக் வங்கியில் வேலை பார்த்தார். வேலை முடிந்து பயிற்சி. 1999-ல் ஹர்லிங் கோப்பையை வென்ற கையோடு, அதே செப்டம்பரில் அயர்லாந்தின் இன்னொரு சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தின் இறுதியிலும் கார்க்குக்காக இறங்கினார் (அதில் மீத் அணியிடம் தோற்றார்கள்). 2001-ல் கார் விபத்து, முழங்காலில் பலத்த அடி. அதிலிருந்தும் மீண்டு வந்தார்.

2002 கடைசியில் கார்க் ஹர்லிங் வீரர்கள் மொத்தமாக, இப்படி நடத்தினால் இனி ஆடமாட்டோம் என்றார்கள். அவர்களில் இவரும் ஒருவர். பணம் கேட்கவில்லை. ஒழுங்கான மருத்துவ கவனிப்பு, மரியாதையான பயண ஏற்பாடு, உடற்பயிற்சி வசதி, இவ்வளவுதான். அணியின் சட்டைமேல் பாசம் இருப்பவன் இதையெல்லாம் கேட்பானா என்று அப்போது பேசியவர்கள் உண்டு, இப்போதும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சமும் ஒப்பவில்லை. காசு வாங்காமல் முழங்காலையும் விரலையும் பணயம் வைத்து ஆடுகிறவனுக்கு டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் பாசம் எங்கே குறைந்துபோனது?

நிர்வாகம் இறங்கி வந்தது. அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2003-ல் இறுதிப்போட்டி வரை போய் கில்கென்னி அணியிடம் 3 புள்ளியில் தோற்றார்கள். 2004 இறுதியில் அதே கில்கென்னியை 9 புள்ளிக்குள் கட்டிப்போட்டு 17 எடுத்து வென்றார்கள், அந்த வருடத்தின் சிறந்த ஹர்லிங் வீரர் ஷான் ஓக். 2005-ல் கால்வேயை வென்றார்கள். எல்லோரும் கொண்டாடுகிற அந்தப் பேச்சே, வேலைநிறுத்தம் செய்த அணிக்குக் கிடைத்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதுதான்.

2008-09-ல் வந்த சண்டை இதைவிடக் கசப்பானது. வீரர்கள் ஏற்க மறுத்த பயிற்சியாளர் ஒரு காலத்தில் கார்க்குக்காக ஆடி வென்றவர். கடைசியில் அவர் விலக வேண்டி வந்தது. அவருக்கு மிரட்டல் விட்டவர்களை எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்த மாட்டேன். இருந்தாலும், தங்களை யார் நடத்துவது என்பதில் வீரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பதில் இன்றும் நான் அவர்கள் பக்கம்தான்.

2010 சீசன் முடிந்ததும், 33 வயதில், அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அணிகள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) வாரியானவை; வேறு கவுண்டிக்கு மாறிப் போவதெல்லாம் இந்த ஆட்டத்தில் லேசான விஷயமில்லை. 1999-ல் கோப்பை வென்று தந்த ஜிம்மி பாரி மர்ஃபி மறுபடி பயிற்சியாளராகி 2012-ல் கூப்பிட்டபோது, போய் நின்றார். சம்பளம் அப்போதும் கிடையாது. சட்டைமேல் பாசம் இல்லாதவர் என்று சொன்னவர்கள் அந்த வருடம் என்ன சொன்னார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.