இதுக்குப் பேர் இயற்கைச் சாம்பிராணியா?

கப் சாம்பிராணி டப்பாவின் முன்பக்கம் முழுக்க வெட்டிவேர், துளசி, வேப்பிலை, ஓரத்தில் கன்றோடு ஒரு பசுமாடு. பின்பக்கம் விலை, பேட்ச் நம்பர், அப்புறம் "நறுமணப் பொருட்கள்" என்று ஒரே ஒரு சொல். என்ன நறுமணம், என்ன பொருள், ஒரு விவரமும் கிடையாது. சாப்பிடுகிற பிஸ்கட்டுக்குக் கூட மைதா எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று போடுகிறார்கள். வீடு முழுக்க நிரம்பி, தூங்குகிற குழந்தையின் நெஞ்சுக்குள் போகிற புகைக்கு ஒரு வரி எழுத வலிக்கிறதா?

நான் கேட்டது கட்டிச் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம். "தம்பி, கட்டிச் சாம்பிராணி அம்பது கிராம்" என்கிறேன், இந்த டப்பாவை எடுத்து வைக்கிறான். "இது இல்லப்பா, கட்டி" என்றால், "இதுவும் அதுதான்க்கா, கரி மூட்ட வேணாம், அப்படியே பத்த வெச்சா போதும்" என்கிறான். எனக்குக் கரி மூட்டத் தெரியும் தம்பி, வீட்டில் தூபக்கால் இருக்கிறது, கொட்டாங்குச்சி இருக்கிறது, சாம்பிராணி மட்டும்தான் இல்லை என்று சொல்லச் சொல்ல அவன் பில் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் தலைக்கு மேல் அலமாரியில், கண்ணாடி ஜாடியில், கட்டி கட்டியாகச் சாம்பிராணி என் கண் முன்னால் இருக்கிறது. அதைக் காட்டினால், "அது பழசுக்கா, இப்ப யாரும் வாங்குறதில்ல. இது நூறு பர்சென்ட் இயற்கை" என்று பதில் வருகிறது. அந்த நூறை யார் அளந்தது? பின்னால் நின்ற ஒரு பெரியவர், "சட்டுனு வாங்கிட்டு நகருங்கம்மா" என்று என்னைத்தான் அதட்டுகிறார், ஏணி எடுத்து ஜாடியை இறக்கச் சோம்பேறித்தனப்படுகிறவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் டப்பாவைத் தலையில் கட்டித்தான் அனுப்பினான்.

பற்ற வைத்ததும் முதலில் கறுப்புப் புகை. அப்புறம் ஒரு வாடை, ஜவுளிக்கடை வாசலில் நின்று வருகிறவர் மேலெல்லாம் அடிப்பார்களே ஒரு சென்ட், அது கருகினால் எப்படி இருக்குமோ அப்படி. அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங். ஊரிலிருந்து வந்து ரெண்டு நாள் நிம்மதியாக இருக்கட்டும் என்று பார்த்தால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனியில் போய் நிற்கிறாள், இன்ஹேலரைத் தேடி நான் ஓடுகிறேன். கப்பைத் தண்ணீரில் போட்டு அணைத்த பிறகும் வாடை போகவில்லை. தலையணை உறையில் அது, துவைத்து மடித்த நைட்டியில் அது, மறுநாள் சோற்றை வாயில் வைத்தால் அதிலும் அது. பூஜை அலமாரியின் மேல் பலகையில் விரலை வைத்தால் மை மாதிரி ஒட்டுகிறது.

நல்ல சாம்பிராணி என்பது சுமத்ரா பக்கம் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பட்டையைக் கீறினால் வடிந்து இறுகுகிற பிசின். உடைத்தால் உள்ளே பால் நிறத்தில் முத்து முத்தாகத் தெரியும். கங்கில் போட்டால் உருகி, லேசாக வெனிலா கலந்த மாதிரி ஒரு இனிப்பு வாசம் எழும்பும். பிள்ளை பெற்றவளுக்குத் தலை உலர்த்த அதைத்தான் காட்டினார்கள். அதுவும் புகைதான், வீசிங் உள்ளவர்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்சமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் போடவே கூடாது. அந்த ஒரு வரியையாவது டப்பாவில் அச்சடிக்கலாம் இல்லையா?

ஊதுபத்தியிலும் இதே கதைதான். வெறும் கரிக்குச்சியை சென்டில் முக்கி எடுக்கிறார்கள், அந்த சென்டைக் கரைக்க டை எத்தில் தாலேட் என்கிற ரசாயனத்தைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள், மேலே மல்லிகைப் படம். எலுமிச்சை ரூம் ஸ்ப்ரே இயற்கைதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அதில் இருக்கும் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சு வாயு உண்டாகும். மூடிய அறையில் அதைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே என்றால், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை, அதன் மேல் இன்னொரு வாடையை ஊற்று என்றுதான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. புழங்காத பாத்ரூம் நாறுகிறதா? தரை ஜாலிக்குக் கீழே ஒரு வளைவில் தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடைக் காற்றை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். வற்றிவிட்டால் மேலே வரும். ரெண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள், முடிந்தது. ஒரு பைசா செலவில்லை, அதனால்தான் இதை எவனும் விளம்பரம் செய்வதில்லை. மீன் கவிச்சிக்கு டிரைமெத்தில் அமீன் என்கிற ரசாயனம் காரணம், அது காரத்தன்மை உள்ளது, புளியோ எலுமிச்சையோ பட்டால் அமிலம் அதைக் கட்டிவிடும். பிழிந்த புளிச் சக்கையைப் போட்டு சட்டியையும் சிங்க்கையும் தேயுங்கள். மழைக்காலத்தில் துணியை ஹாலில் காயப்போட்டுவிட்டு ஜன்னலையும் சாத்தினால் முடை நாற்றம் வராமல் என்ன வரும்?

இதெல்லாம் செய்த பிறகு வாசம் வேண்டுமா, வெட்டிவேர் வாங்குங்கள். கடலூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் விளைகிற நல்ல வேர் இருக்கிறது. ஒரு பிடி எடுத்துக் கட்டி, தண்ணீர் தெளித்து, காற்று வருகிற ஜன்னலில் தொங்கவிட்டால் போதும், காய்ந்தால் வாசம் அடங்கும், நனைத்தால் திரும்ப வரும். பீரோவுக்குள் அந்துருண்டை போடாதீர்கள், அது நாப்தலீன், ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்தத் துணியை உடுத்தினால் ரத்தச் சிவப்பணுக்களே உடையலாம். காய்ந்த நொச்சி இலையும் வசம்பும் போதும். மேசையில் ஒரு கொத்து மருக்கொழுந்து வைத்தால் அறைக்கே அது போதும்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "பத்த வெச்சது ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்க்கா." சரி, அந்த ஜாடியை இறக்கு என்று நின்றேன், இறக்க வைத்தேன், வாங்கினேன். "நெட் இல்லக்கா, காசா குடுங்க" என்றான், கொடுத்தேன். மீதி நாலு ரூபாய்க்கு நாலு சாக்லேட்! எனக்குச் சர்க்கரை நோய் தம்பி, நான் சாக்லேட் கேட்டேனா? நாளைக்கு இதே நாலு சாக்லேட்டை நீட்டி ஒரு தீப்பெட்டி கொடு என்றால் கொடுப்பாயா? சில்லறை இல்லை என்று போர்டு மாட்டுகிறவர்கள் சில்லறை மாற்றி வைத்துக்கொண்டு கடையைத் திறந்தால் என்ன?