தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பைக் சூடாகாதா?

ஒரு நண்பர், யமஹா ஆர்15 போன்ற லிக்விட் கூலிங் பைக்கில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் டிராஃபிக்கிலும் எஞ்சின் சூடேறாது என்கிறார். அப்படி இல்லைங்க. தெர்மோஸ்டாட் என்பது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு. நெரிசலில் எஞ்சின் கொதிக்கும் நேரத்தில் நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். அங்கே வெப்பத்தை இறக்குவது ரேடியேட்டரும் ஃபேனும்.

கழற்றினால் பாதிப்பு காலையில்தான். கூலன்ட் சூடேற நேரமாகும், சென்சார் குளிர் என்றே காட்டும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கும். தினமும் நாலஞ்சு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இது உண்மையிலேயே கெடுதல்.

நீங்களே பார்க்கலாம். ஆறிய எஞ்சினில் கூலன்டை வடித்து தெர்மோஸ்டாட்டை எடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில், அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு மெதுவாகச் சூடாக்குங்கள். பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி வால்வு விலகத் தொடங்கும். சரியான அளவு உங்கள் பைக்கின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கொதிநிலை வந்தும் மூடியே கிடந்தால் பழுது. புதிதாக மாற்றுங்கள், காலியாக விடாதீர்கள். திரும்ப மாட்டும்போது ஏர் பிளீட் செய்ய, அதாவது கூலன்ட் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்ற, மறக்காதீர்கள். உள்ளே காற்று நின்றாலும் சூடேறும்.