பெரியவர்களை நாம்தான் உட்கார வைக்கிறோம்

"இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வேலை? பேசாமல் உட்காருங்கள்." நம் வீடுகளில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் பல பெரியவர்களின் நடமாட்டத்தை மூட்டுவலியைவிட இந்தப் பாசம்தான் முடக்குகிறது என்பேன்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல். மருத்துவரும் நடக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார். எங்கே, யாருடன், எந்தத் தைரியத்தில் நடப்பது?

என் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது, பயம் வடியவில்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகக்கூடச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். வெள்ளைச் சுவரில் அவருடைய விரல் தடம் பழுப்புக் கோடாகப் படிந்துவிட்டது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடை குறைகிறது, நடை குறையக் குறையத் தொடைத் தசை இளைக்கிறது, பிறகு விழும் ஆபத்து உண்மையிலேயே கூடுகிறது. இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 1990இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் மேரி டினெட்டியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். விழாமல் குளிக்க முடியும் என்று நம்புகிறீர்களா, நாற்காலியிலிருந்து எழ முடியும் என்று நம்புகிறீர்களா என்று கேட்கும் தாள் அது. காலில் வலு இருந்தும் மனதில் நம்பிக்கை இல்லையென்றால் ஆள் எழுந்திருக்கமாட்டார்.

பெரியம்மாவை மறுபடி தெருவில் இறக்கியவர் பக்கத்து வீட்டு அம்மாள்தான். "வாங்க அக்கா, பிரதோஷத்துக்குப் போய் வரலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். உடற்பயிற்சி என்று நாங்கள் கெஞ்சியபோது அசையாதவர், அதற்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பிறகு வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்துகொண்டன. துணையும் போக ஓர் இடமும் இருந்தால் கால் தானாக நடக்கும்.

பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஷூ போட்டுக்கொண்டு ஒரு பாட்டி நடந்தால் தெருவே வேடிக்கை பார்க்கிறது. அந்தப் பார்வைக்குக் கூசியே வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்!

கழிப்பறையைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கு அதில்தான் ஆத்திரம். சர்க்கரை நோயோ புராஸ்டேட் தொல்லையோ உள்ள சிலருக்குச் சிறுநீரை அரை மணி நேரம்கூட அடக்க முடியாது. பூங்காவில் கழிப்பறை கட்டிப் பூட்டி வைத்திருந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? நடைபாதையில் வண்டி நிற்கிறது, களைத்தால் உட்கார ஒரு பெஞ்சு இல்லை.

வீட்டில் காய்கறிப் பையை அவர்களிடமே கொடுங்கள், முடிந்தால் கூடவே நடந்து போங்கள். வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது அந்தக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.