ஏற்காடு மலை உச்சியில் இஸ்ரோ மையமா? வேலைவாய்ப்புச் செய்தி பொய்

"சேர்வராயன் மலை உச்சியில் இஸ்ரோவின் புதிய விண்கலக் கட்டுப்பாட்டு மையம். மென்பொருள் பொறியாளர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். பதிவுக் கட்டணத்தை இந்த எண்ணுக்கு ஜிபே செய்யவும்." சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பொய்.

இஸ்ரோவின் விண்கலங்களைக் கண்காணிப்பது பெங்களூருவில் உள்ள இஸ்ட்ராக் என்ற அதன் கண்காணிப்பு, கட்டளைப் பிரிவு. தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு, கர்நாடகத்தின் ஹாசன் நகரிலும் போபாலிலும் கட்டுப்பாட்டு மையங்கள் இருக்கின்றன. சந்திரயான் மாதிரி வெகுதூரம் போகும் கலங்களுக்கு, பெங்களூரு அருகே பியாலாலுவில் 32 மீட்டர் ஆன்டெனா இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் சிக்னல் மிக மெலிது. சுற்றுப்புற ரேடியோ இரைச்சல் கலக்காமலிருக்கத்தான் கிண்ணம்போல் தாழ்ந்த அந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாலாபுறமும் திறந்த மலை உச்சி அதற்கு நேரெதிர்!

அப்புறம், அந்த வேலை. இப்படிப்பட்ட மையத்தில் மென்பொருள் பொறியாளர் செய்வது இதுதான்: பேட்டரி மின்னழுத்தம், வெப்பநிலை என்று கலம் அனுப்பும் எண்கள் எல்லை மீறினால் திரையில் எச்சரிக்கை காட்டும் மென்பொருள் எழுதுவது, கட்டளைகளை அனுப்புமுன் சிமுலேட்டரில் (கலம்போலவே நடந்துகொள்ளும் கணினி மாதிரியில்) ஓட்டிப் பார்ப்பது, இரவு ஷிப்டில் கூப்பிட்டால் பிழையைத் தேடுவது. வீட்டு வைஃபையிலிருந்து விண்கலத்துக்குக் கட்டளை போகாது.

ஆள் எடுப்பதாக இருந்தால் இஸ்ரோவின் இணையதளத்தில் அறிவிப்பு வரும், அங்கேயே சரிபார்க்கலாம். கட்டணம் இருந்தாலும் விண்ணப்பத்தோடு அங்கேதான் கட்ட வேண்டும், தனியார் ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அல்ல. பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து இதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழுவில் அனுப்பியிருந்தால் அழித்துவிடுங்கள்.