மாத்திரைக்கு உண்டு, கஞ்சாவுக்கு இல்லை

பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரும்பு ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து முதுகைத் தொலைத்தவர். வலிக்காகப் பல ஆண்டுகள் அபின் வகை மாத்திரைகளை விழுங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். சுவரில் மாட்டியிருந்த அவருடைய அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி அப்போது ஒருவரும் கேட்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி மருந்து சாப்பிடுகிறவரைச் சட்டம் தொடுவதில்லை.

பிறகு மாநில அரசு தரும் மருத்துவக் கஞ்சா அட்டையை வாங்கினார். மாத்திரைகள் குறைந்தன. காலையில் தோட்டத்தில் நின்று தெளிவாகப் பேசத் தொடங்கினார். அந்த நாளிலிருந்துதான் சுவரில் இருந்த துப்பாக்கி குற்றமாயிற்று!

1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சித் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வேர்கொண்ட தடை இது. மாநிலம் கஞ்சாவை அனுமதித்தாலும் இந்தத் தடை விலகுவதில்லை. சட்டத்துக்குப் புறம்பாகப் போதைப்பொருள் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. 2022 முதல் இதற்கு 15 ஆண்டுகள் வரை சிறை. 1970இல் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மருத்துவப் பயன் இல்லாதவை என்று கூட்டாட்சி அரசு வகைப்படுத்திய போதைப்பொருட்களின் முதல் அட்டவணையில் வைத்தார்கள். அந்த அட்டவணையில் உள்ளதை எந்த மருத்துவரும் மருந்துச் சீட்டில் எழுத முடியாது. நோயாளிக்கு உதவும் என்று சான்று தரலாம், அவ்வளவுதான். மாநிலம் கையெழுத்திட்டுக் கொடுத்த அட்டையே கூட்டாட்சி அரசின் கண்ணுக்குக் குற்றத்தின் சாட்சியாகிவிடுகிறது. ஹவாய் மாநிலத்தின் ஹொனலூலு காவல்துறை 2017இல் இதைத்தான் செய்தது. அட்டை வைத்திருந்த நோயாளிகளுக்கு, 30 நாளில் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று கடிதம் அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே பின்வாங்கியது.

கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தில் கஞ்சாவைப் பற்றிய கேள்வி உண்டு. 'ஆம்' என்றால் துப்பாக்கி இல்லை. 'இல்லை' என்று பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். மதுவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. தினமும் ஒரு புட்டி விஸ்கி குடிப்பவர் கூசாமல் கையெழுத்திடலாம். எனக்குத் துப்பாக்கிமேல் ஆசை இல்லை. வீட்டில் வைத்ததும் இல்லை. ஆனால் ஆபத்தை அளக்காமல் பொருளின் பெயரை மட்டும் பார்க்கும் சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2023இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கஞ்சா வழக்கில் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: பழைய சட்டங்கள் போதையில் இருக்கும்போது ஆயுதம் ஏந்துவதைத்தான் தடுத்தன, போதை தெளிந்தவனின் ஆயுதத்தைப் பறிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தாலே துப்பாக்கி உரிமை போய்விடும் என்று பலர் நம்பி மருத்துவரிடம் போகாமலே இருக்கிறார்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி இல்லை. நீதிமன்றமோ அதற்கு நிகரான அமைப்போ ஒருவரை மனநலக் காரணத்தால் ஆபத்தானவர் அல்லது தன் காரியங்களைக் கவனிக்க இயலாதவர் என்று தீர்மானித்தாலோ, கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்த்தாலோதான் தடை வரும். தானே போய்ச் சேர்ந்தால்கூட வராது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அந்த நாட்டில் இப்படி ஒரு தவறான அச்சம் உயிரையே பறிக்கும். தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள்.

பெரியவர் துப்பாக்கியைத் தம்பி வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். இந்த ஆண்டு பேரனை மான் வேட்டைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதால் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. துப்பாக்கி சுவருக்குத் திரும்பிவிட்டது. நேற்று போனபோது சமையலறை மேசையில் அந்தப் பழைய மாத்திரைப் புட்டியும் இருந்தது.